ஸ்கிரீன் ரீடருக்கு ஏன் இவ்வளவு விலை? அதை வாங்க வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது?

திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் இந்த மென்பொருளை வைத்துப் பணம் கொடுக்காமலேயே நன்றாக வேலை செய்யலாம். பார்வை இழந்த உங்கள் தம்பி கல்லூரியில் சேரப்போவதாகவும், ஆயிரம் டாலர் மென்பொருள் இல்லாமல் கணினியைத் தொடவே முடியாது என்று யாரோ சொன்னதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். நானும் பார்வையற்றவன். இந்தப் பதிலைத் தட்டச்சு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்துவது என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில்தான். அது இலவசம்.

உங்களிடம் சொன்ன விலை ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடரின் விலையாக இருக்கும். அதன் நிரந்தர உரிமம் வெகு காலமாகவே ஆயிரம் டாலரை ஒட்டித்தான் இருந்துவந்திருக்கிறது. அலுவலகப் பயன்பாட்டுக்கான பதிப்பு இன்னும் கூடுதல். புதிய பதிப்புகள் வேண்டுமென்றால் அதற்கும் தனியாகக் கட்ட வேண்டும். வீட்டில் பயன்படுத்துபவர்களுக்குச் சில நாடுகளில் ஆண்டுச் சந்தாவும் உண்டு.

இந்த விலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பார்வையற்ற நிரலாளரான டெட் ஹென்டரின் நிறுவனம் 1989-இல், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் ஓடும் கணினிகளுக்காக ஜாஸை வெளியிட்டது. டாஸ் திரையில் வெறும் எழுத்துகள்தான். நினைவகத்திலிருந்து அவற்றை எடுத்துப் படித்துவிடலாம். விண்டோஸ் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. எழுத்து, பட்டன், மெனு எல்லாமே திரையில் வரையப்படும் புள்ளிகள். விண்டோஸ் எதை எங்கே வரைகிறது என்பதை ஸ்கிரீன் ரீடர் இடைமறித்துப் பார்த்து, தனக்கென ஒரு திரை வரைபடத்தை நினைவகத்தில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வீடியோ கார்டு மாறினால் தகராறு, புது மென்பொருள் வந்தால் தகராறு. இதற்குத் தேர்ந்த பொறியாளர்கள் பலர் தேவை. வாங்குவோரோ கொஞ்சம் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் அரசுத் துறைகள், மறுவாழ்வு நிறுவனங்கள், வேலை கொடுப்போர். ஆக, விலை அலுவலகங்களின் பணப்பையைப் பார்த்தே வைக்கப்பட்டது. சொந்தக் காசில் வாங்க நினைக்கும் மாணவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

காரணம் புரிகிறது, ஆனாலும் மனம் ஏற்கவில்லை. பார்வை உள்ளவர் மடிக்கணினி வாங்கும்போது திரையும் அந்த விலையிலேயே வந்துவிடுகிறது. அதே திரையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் மட்டும் அந்தக் கணினியின் விலையைவிட அதிகம் கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

பணம் கட்டாமல் ஜாஸை 40 நிமிடம் இயக்கலாம். அப்புறம் கணினியை மறுதொடக்கம் செய்தால் இன்னொரு 40 நிமிடம். எங்களில் பலர் கணினி கற்றதே இந்த 40 நிமிடங்களில்தான். ஒரு நீளமான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்துவிட்டால் எதிரே இருப்பது மௌனமான ஒரு பெட்டி. கர்சர் எங்கே நிற்கிறது, எழுதியது சேமிக்கப்பட்டதா, எதுவும் தெரியாது. கிராக் செய்த பிரதிகளைத் தேடிப் போவோரும் உண்டு. அது வேண்டாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், கடவுச்சொல் உட்பட, ஸ்கிரீன் ரீடர் வழியாகப் போகிறது. யார் கை வைத்தது என்றே தெரியாத பிரதியை அந்த இடத்தில் உட்கார வைக்கக் கூடாது.

நிலைமை மாறியதற்கு அடித்தளம் 1997-இல் இடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த அணுகல் இடைமுகத்தின் மூலம், 'நான் ஒரு பட்டன், என் பெயர் அனுப்பு' என்று மென்பொருள்களே ஸ்கிரீன் ரீடரிடம் சொல்ல வழி பிறந்தது. புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கும் வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. சிறிய குழுவாலும் ஸ்கிரீன் ரீடர் எழுத முடியும் என்றானது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-இல் என்விடிஏவைத் தொடங்கினார். ஜேம்ஸ் டேவும் அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். இணைய அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு ஸ்கிரீன் ரீடர் பயனர்களிடம் நடத்திய 2019 கணக்கெடுப்பில், முதன்மை ஸ்கிரீன் ரீடர் எது என்ற கேள்விக்கு என்விடிஏ மயிரிழையில் ஜாஸை முந்தியது.

என்விடிஏவின் மூலநிரல் யாரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்தே இருப்பதுதான் எனக்கு விலையைவிட முக்கியம். விண்டோ-ஐஸ் என்ற கட்டண ஸ்கிரீன் ரீடரை 2014-இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 2017-இல் அதன் விற்பனையே நின்றுபோனது. நிறுவனம் கொடுக்கும் இலவசம் நிறுவனத்தோடு போய்விடும். திறந்த மூலநிரலை யாராவது எடுத்துத் தொடரலாம்.

சரி, தம்பி எப்படித் தொடங்குவது? விண்டோஸில் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸோடே வரும் நேரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் பேசத் தொடங்கும். அதைக் கொண்டு என்விடிஏவைத் தரவிறக்கச் சொல்லுங்கள். நிறுவும் கோப்பைத் திறந்ததுமே என்விடிஏ தானே பேசும் என்பதால் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து படித்துக் காட்டத் தேவையில்லை. கூடவே வரும் ஈஸ்பீக் குரல் முதலில் காதைக் குத்தும். அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம், வேகத்தைக் கூட்டிய பிறகும் சொற்கள் சிதையாமல் கேட்பது அதில்தான். தமிழையும் அது படிக்கும். மனிதக் குரல் போலத் தமிழ் கேட்க வேண்டுமென்றால் விண்டோஸின் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் வரும். அதையும் என்விடிஏவிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒரு பென்டிரைவில் கையடக்கப் பிரதி ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ளட்டும். பென்டிரைவுக்கு அனுமதியுள்ள கணினி என்றால், கல்லூரி ஆய்வகத்திலும் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிவிடலாம்.

மேக் என்றால் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர் 2005 முதல் கணினியோடே வருகிறது. லினக்ஸில் ஆர்கா இருக்கிறது. இரண்டுக்கும் தனிக் கட்டணம் இல்லை.

ஜாஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரு நிறுவனத்துக்கென்றே எழுதப்பட்ட பழைய மென்பொருள் சரியாகப் பேசாதபோது, அதற்காகத் தனி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதிப் பேச வைப்பதில் ஜாஸுக்கு நீண்ட அனுபவம் உண்டு. தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைந்து வேலை செய்யும் பணிகளிலும் அது கைகொடுக்கும். ஆனால் இவையெல்லாம் வேலையிடத்துத் தேவைகள், அதனால் செலவும் வேலை கொடுப்பவருடையது. தம்பி வேலைக்குச் சேரும்போது, எந்தெந்த மென்பொருளில் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று முதலிலேயே கேட்டு, ஒவ்வொன்றையும் என்விடிஏவில் இயக்கிப் பார்க்கட்டும். எங்கே தடுக்கிறதோ அதைக் குறித்து, ஜாஸ் உரிமத்தை நிறுவனத்தின் பெயரிலேயே வாங்கித் தரும்படி எழுத்தில் கேட்கட்டும். புதிய பதிப்புகளுக்கான கட்டணத்தையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுவது நல்லது. உரிமம் மட்டும் வாங்கிவிட்டு அதை விட்டுவிட்டால், அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் ஒரு ஒப்புதலுக்காக அலைய வேண்டியிருக்கும்.