ஹீட்டர் டிரிப் ஆனால் பிரேக்கரைத் திட்டாதீர்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் போர்டு சோதிக்கும் பிரிவில் இருந்தேன். அப்புறம் வயர்மேன் தேர்வு எழுதி, இப்போது தீவிலும் செபராங் பிறையிலும் வீடு வீடாக வேலைக்குப் போகிறேன். போகிற வீட்டிலெல்லாம் பழுது என்னவென்று சொல்வதற்கு முன்பே ஒரு வாக்குவாதம் என் முன்னால் வந்து நிற்கும்: அவர் சொல்வது சரியா, நான் சொல்வது சரியா? இந்த முறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

ஜெலுத்தோங் வாசகி: கைப்பேசியைக் கழற்றிய பிறகும் சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவிடுகிறேன் என்று கணவர் தினமும் கோபப்படுகிறார். அதில் உண்மையிலேயே கரண்ட் போகிறதா?

போகிறது, ஆனால் சண்டை போடும் அளவுக்கு இல்லை. தரமான புதிய சார்ஜர் சும்மா இருக்கும்போது இழுப்பது ஏறக்குறைய 0.1 வாட். வருடம் 365 நாளும் சுவரிலேயே கிடந்தாலும் ஒரு யூனிட் சேராது. காசுக் கணக்கில் ஐம்பது சென்னுக்குள். அதை விட, டிவிக்குக் கீழே இருக்கும் டிகோடர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். டிவியை அணைத்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் கரண்ட் குடிக்கிறது. பத்து வாட் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் ஏழு யூனிட், மூன்று ரிங்கிட். இரவில் அதன் சுவிட்சை அணையுங்கள்.

ஒரு விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம் நிற்கிறேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்கிய, சிரிம் தர முத்திரை இல்லாத சார்ஜர் என்றால் அதைக் கழற்றியே ஆக வேண்டும். பில்லுக்காக அல்ல. 230 வோல்ட் பக்கத்துக்கும் உங்கள் கைப்பேசிப் பக்கத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளியையும் மின்காப்பையும் அதில் மிச்சம் பிடித்திருப்பார்கள். அப்படிப்பட்டதை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: இன்வர்ட்டர் ஏர்கோனை அணைத்து அணைத்துப் போட்டால்தான் பில் ஏறும், நான்கு மணி நேரம் வெளியே போனாலும் ஓடட்டும் என்கிறான் மகன். வந்தவுடன் 16 டிகிரி வைக்கிறான். நான் அணைக்கச் சொல்கிறேன். யார் சரி?

நீங்கள்தான். அடியில் ஓட்டை உள்ள குடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதை எந்நேரமும் விளிம்பு வரை நிரப்பியே வைத்திருந்தால் தண்ணீர் அதிகம் செலவாகுமா, வேண்டும்போது மட்டும் நிரப்பினால் அதிகம் செலவாகுமா? அறையும் அப்படித்தான். உள்ளே 24, வெளியே 33 என்று வித்தியாசம் இருக்கும் வரை சுவர் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் வெப்பம் நுழைந்துகொண்டே இருக்கும். ஏர்கோன் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அணைத்துவிட்டுப் போனால் அறை மெல்லச் சூடாகும், சூடாக ஆக உள்ளே வரும் வெப்பமும் குறைந்துகொண்டே போகும். திரும்பி வந்து ஒரே தடவை இறைத்தால் போதும்.

மகன் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. இன்வர்ட்டரின் கம்பிரஸர் விட்டு விட்டு ஓடாமல், வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிதானமாக ஓடுவதில்தான் அதன் சிக்கனம். கோப்பிக் கடைக்குப் போய் வரும் கால் மணி நேரத்துக்கு அணைக்க வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

16 டிகிரியை மறந்துவிடச் சொல்லுங்கள். 16 வைத்தால் அறை 24-க்கு வந்த பிறகும் கம்பிரஸர் ஓயாது, அவ்வளவுதான். 25 வைத்து, சீலிங் விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கு அதே குளிர்ச்சி கிடைக்கும். விசிறிக்கு 60, 70 வாட்தான். ஒரு ஹெச்பி ஏர்கோன் முழு வேகத்தில் ஓடினால் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல்.

இன்னொன்று. போன மாதம் உங்கள் பக்கத்து பிளாட் ஒன்றில், குளிரவில்லை, கேஸ் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். முன்மூடியைத் திறந்தால் ஃபில்டர் கம்பளித் துணி மாதிரி இருந்தது. அந்த அறையில் படுக்கும் பெரியவர் குளித்ததும் முகத்திலும் முதுகிலும் பவுடர் போடுகிறவர். பவுடரும் தூசியும் சேர்ந்து ஒட்டி வலையின் ஓட்டையே தெரியவில்லை. குழாயடியில் கழுவினேன், வெள்ளையும் கறுப்புமாக ஓடியது. மாட்டிய கால் மணி நேரத்தில் அறை குளிர்ந்துவிட்டது. கேஸ் குறையவே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே கழுவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கெமிக்கல் சர்வீஸ் என்று யாராவது அழுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பில்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலையிலிருந்து எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு என்று தனித்தனிக் கட்டணமாக வருகிறது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். 600 யூனிட்டுக்கு மேல் போனால் அதோடு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் ஏறும். 1,000-க்குள் இருந்தால் சிக்கனத்துக்குக் கழிவு உண்டு, யூனிட் குறையக் குறையக் கழிவு கூடும். ஆக, ஏர்கோன் வைத்திருக்கும் வீட்டுக்கு 600 என்ற எண்ணின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: அம்மா குளிக்கும்போது மட்டும் சுடுநீர் ஹீட்டர் டிரிப் ஆகிறது. 10 மில்லி ஆம்பியர் பிரேக்கரை எடுத்துவிட்டு 30 போடு, தொல்லை தீரும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். செய்யலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதைப் படித்த கையோடு அந்த ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சரியாகும் வரை அம்மாவுக்கு அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கொடுங்கள்.

அந்தப் பிரேக்கர் பழுதாகவில்லை, தன் வேலையைச் செய்கிறது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்து மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தால் கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். ஏன் பத்து? ஏறக்குறைய அந்த அளவிலிருந்துதான் கையின் தசை இறுகிக்கொண்டு, பிடித்ததை விட முடியாமல் போகிறது. முப்பதைத் தாண்டினால் இதயத்துடிப்பே குலையலாம். நனைந்த தோல், ஈரத் தரை, வயதான உடம்பு என்று மூன்றும் சேரும் இடம் குளியலறை. அதனால்தான் நம் மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் இந்த மாதிரி ஈரமான இடத்துக்குப் பத்து என்று வைத்திருக்கின்றன. 30 போட்டால் கசிவு நிற்காது. கசிவைச் சொல்கிற வாயைத்தான் மூடுகிறீர்கள்.

அம்மா குளிக்கும்போது மட்டும் ஏன்? அவர் சூட்டைக் கூட்டி வைப்பவராக இருக்கலாம். ஹீட்டருக்குள் இருக்கும் சுருள் ஓர் உலோகக் குழாய்க்குள் வெள்ளைப் பொடி அடைத்து வைக்கப்பட்டது. குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால் பொடி ஈரம் உறிஞ்சும், முழுச் சூட்டில் ஓடும்போது கசிவு தெரியவரும். பெரும்பாலும் சுருளையோ ஹீட்டரையோ மாற்ற வேண்டி வரும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு வீட்டில் நானே பார்த்தேன். செபராங் பிறையில் ஒரு தாமான் குடியிருப்பு வீடு. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர் பிரேக்கரையே தாண்டி நேராக இணைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு வேலைக்காகப் போன நான் சந்தேகப்பட்டு ஹீட்டர் மூடியைக் கழற்றினேன். பச்சை மஞ்சள் எர்த் வயர் பாதியில் வெட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, பின்னால் மடக்கிச் செருகியிருந்தது. வாசலில் ஒரு சின்ன நீல வாளியும் பிளாஸ்டிக் வாத்தும் கிடந்தன. எட்டு மாதமாக இரண்டு பிள்ளைகள் அங்கே குளித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் என்னால் டெஸ்டரைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

சுருஹான்ஜெயா தெனாகாவில், அதாவது எரிசக்தி ஆணையத்தில், பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். எர்த் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். ஹீட்டருக்கு, பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து தனி வயர் வருகிறதா என்றும் கேளுங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் பதினைந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதைப் பதின்மூன்று ஆம்பியர் பிளக்கில் செருகி வைத்திருக்கும் வீடுகளை இன்னமும் பார்க்கிறேன். அப்புறம் பிரேக்கரில் "டி" என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள்.

நிபோங் திபால் ஆசிரியை: தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு எந்தத் தட்டச்சு முறையைப் பழக்குவது? ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறையா, தமிழ் 99-ஆ? பேசினாலே எழுதிவிடுகிறதே, தட்டச்சே எதற்கு என்கிறார்கள் சிலர்.

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி, டீச்சர். என் பதில் தமிழ் 99.

ஐபோனிலும் ஆப்பிள் கணினியிலும் தமிழ் விசைப்பலகை எதையும் ஏற்றாமலே உள்ளே இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். 1985-இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியவர். அவர் தந்த, ஆங்கில எழுத்தில் அடிக்கும் 'அஞ்சல்' முறையில்தான் என் வயதுக்காரர்கள் பலர் தமிழ் அடிக்கவே ஆரம்பித்தோம். ஆங்கில விசைப்பலகை ஏற்கெனவே கைவந்த பெரியவர்களுக்கு அது வரம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. "அம்மா" என்று நினைத்ததும் அவன் மனதில் அம்மா என்ற எழுத்துகள் வர வேண்டும், ஆங்கில எழுத்துகள் அல்ல. ல, ள, ழ மூன்றுக்கும் எந்த ஆங்கில எழுத்து என்று தேடும் பிள்ளை, வார்த்தைக்கு எந்த லகரம் என்று யோசிப்பதை விட்டுவிடுகிறது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் வகுத்த தமிழ் 99-இல் உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. இலக்கணப் பாடத்தில் நீங்கள் கரும்பலகையில் எழுதுவதையே விரல் செய்கிறது. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். பந்து என்றால் ப, ந, த, உ. ந-வுக்கு அடுத்து த வந்தால் புள்ளி வைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். என் மகளுக்குத் தினம் கால் மணி நேரம் என்று பழக்கினேன். மூன்றாவது வாரம் விசைப்பலகையைப் பார்க்காமல் அடித்தாள்.

பேசி எழுதுவது பாட்டிக்கு நல்லது, கண் தெரியாதவருக்கு மிக மிக நல்லது. எழுத்துக் கூட்டப் பழகும் பிள்ளைக்கு வேண்டாம்.

தண்ணீர்மலை வாசகர்: ஏழாம் தலைமுறை ஐ5 மடிக்கணினி நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏறாது, தூக்கிப் போடு என்றார் கடைக்காரர்.

போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது உண்மை. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கட்டாமலே கிடைக்கும். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். இணையம், கடிதம், பாட்டு, படம் எல்லாம் ஓடும், தமிழ் 99-உம் உண்டு. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் சுழலாத எஸ்எஸ்டி டிஸ்க்காக மாற்றுங்கள், புதுக் கணினி மாதிரி ஆகிவிடும். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்பவர்களிடம் வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியைக் கொடுக்காதீர்கள்.

பிறை வாசகி: இரவு முழுக்கக் கைப்பேசியை சார்ஜில் விட்டால் பேட்டரி கெடுமா?

நிறைந்ததும் தானாக நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில் வைத்தால் கெடும். பேட்டரிக்கு எதிரி சூடு. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதை விட மோசம்.

பட்டர்வொர்த் வாசகர்: தினமும் பாலம் கடந்து வேலைக்கு, போக வர 50 கிலோமீட்டர். மின்சாரக் கார் வாங்கலாமா? கொண்டோவில் சார்ஜர் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் உங்களுக்கு நாளுக்கு ஏழரை யூனிட். வீட்டில் ஏற்றினால் சுமார் 3.30 ரிங்கிட். அதே தூரத்துக்குப் பெட்ரோல் காருக்குச் சுமார் 3.25 லிட்டர், புடி95 என்ற அரசு மானிய விலை லிட்டருக்கு 1.99 என்றால் ஆறரை ரிங்கிட். ஆனால் வெளியே வேக சார்ஜரில் யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறார்கள். 1.20 என்று வைத்தாலே ஒன்பது ரிங்கிட். பெட்ரோலை விட அதிகம்.

எனக்கு மின்சாரக் கார் பிடிக்கும். ஆனாலும் வீட்டில் ஏற்ற வழியில்லாதவரை வாங்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. முதலில் கொண்டோ நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நான்கைந்து குடும்பம் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. நிறுத்துமிடத்துக்கு மீட்டரோடு தனி வயர் வந்த பிறகு காரைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டி இரவெல்லாம் ஏற்றும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அந்த வயர் மணிக்கணக்கில் பத்து ஆம்பியர் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

சுங்கை டுவா வாசகி: ஃபைபர் இணையம் வந்த பிறகும் இடிக்கு மோடத்தைக் கழற்ற வேண்டுமா?

வேண்டும். ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்னல் வராது. பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியில் வந்தது. ஆனால் மோடத்தின் அடாப்டர் கரண்ட் பிளக்கில்தானே இருக்கிறது, அந்த வழி திறந்தே கிடக்கிறது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதில் கை வைக்காதீர்கள், மேகம் கறுக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.