இல்லாத மாவட்டத்துக்கு நம்பர் பிளேட்!

கேள்வி: ஜெர்மனியில ஆகென் சிட்டியில எம்.எஸ். படிக்கிறேன். இங்க நிறைய கார்ல ஏ.சி.ன்னுதான் நம்பர் பிளேட் ஆரம்பிக்குது, சிலதுல மட்டும் எம்.ஓ.என். கேட்டா மொன்ஷாவ் மாவட்டம்ங்கிறாங்க, மேப்ல அப்படி ஒண்ணு காணோமே சார்?

பதில்: மேப்ல இருக்காதுப்பா, 1972 ஜனவரி 1-லயே கலைச்சுட்டாங்க. 1816-ல பிரஷ்யாங்கிற அந்தக்கால ஜெர்மன் ராஜ்ஜியத்தோட ஆட்சியில உருவான மாவட்டம் அது, ஐஃபெல் மலைப்பக்கம், கம்பளித் துணிக்குப் பேர்போன ஊரு.

அந்த ஜனங்க பட்டது கொஞ்சநஞ்சம் இல்ல. முதல் உலகப்போர் முடிஞ்சு வெர்சாய் ஒப்பந்தத்துல பக்கத்து ஓய்பன், மால்மெடி மாவட்டமெல்லாம் பெல்ஜியத்துக்குப் போச்சு, அதோட மொன்ஷாவ் மாவட்டத்துக்குள்ள ஓடின ஃபென்பான் ரயில் பாதையையும் பெல்ஜியத்துக்கே கொடுத்துட்டாங்க. பாதை மட்டும் பெல்ஜியம், ரெண்டு பக்கமும் ஜெர்மனி! ம்யூட்செனிஷ் மாதிரி ஊரெல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் தனித்தீவா மாட்டிக்கிச்சு. இப்போ ரயில் இல்ல, சைக்கிள் பாதை ஆக்கிட்டாங்க, ஆனா அந்த நிலம் இன்னும் பெல்ஜியம்தான். ஒரு லீவு நாள்ல அவசியம் போய்ப் பாருங்க.

ரெண்டாம் உலகப்போர்ல 1944 ஹூர்ட்கன் காட்டுச் சண்டையில இந்த மாவட்டத்து ஷ்மிட்ங்கிற கிராமம் தரைமட்டமாச்சு. போர் முடிஞ்சப்புறம் ஜெர்மனியில காபிக்கு கடுமையான வரி, பெல்ஜியத்துல சீப், அதனால ராத்திரியோட ராத்திரியா காபி மூட்டையைச் சுமந்துட்டு சதுப்புக்காடு வழியா வந்திருக்காங்க, சின்னப் பசங்க கூட. கஸ்டம்ஸ்காரங்க சுட்டதுல உயிர் போனவங்களும் உண்டு. இடிஞ்சுபோன ஷ்மிட் தேவாலயத்தைத் திரும்பக் கட்டினதுல அந்தக் காபிக் காசும் சேர்ந்திருக்கு, அதான் ஜனங்க அதுக்கு 'சாங்க்ட் மொக்கா'ன்னே (புனித காபின்னு அர்த்தம்) பேர் வெச்சுட்டாங்க. பசியில கடத்தினவங்களை நான் தப்பா சொல்லமாட்டேன். 1953-ல வரியைக் குறைச்சதும் கடத்தல் படுத்துருச்சு.

கலைச்சது ஏன்னா, சின்ன மாவட்டமெல்லாம் செலவு, பெருசா இருந்தாத்தான் நிர்வாகம் நல்லா நடக்கும்னு, இந்த ஊரெல்லாம் இருக்கிற நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்துல 57 மாவட்டத்தை 31 ஆக்கினாங்க. மொன்ஷாவோட பெரும்பகுதி ஆகென் மாவட்டத்துக்குப் போச்சு, ஷ்மிட் மாதிரி சில ஊரு ட்யூரன் மாவட்டத்துக்கு. அந்த ஆகென் மாவட்டத்தையும் 2009-ல நகரத்தோட சேர்த்து 'ஸ்டேட்டரெகியோன்'னு ஒரே நிர்வாகப் பகுதி ஆக்கிட்டாங்க.

பிளேட் எப்படி திரும்ப வந்துச்சுன்னா, 2012 நவம்பர்ல, கலைச்ச மாவட்டங்களோட பழைய பிளேட் எழுத்துகளைத் திரும்பக் கொடுக்கலாம்னு விதியை மாத்தினாங்க. ஜனங்க விரும்பித்தான் வாங்குறாங்க, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆகென், ட்யூரன் ரெண்டு இடத்துலயும் தர்றாங்க, அதனால நீங்க பார்த்த வண்டி ட்யூரன்ல பதிவானதாவும் இருக்கலாம்.