குடிபெயருமுன் பாடசாலையை அறிவது எப்படி? – கல்விக் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் அரச வைத்தியசாலையொன்றில் மருந்தாளராகப் பணியாற்றுகிறார். அவருக்கு மஸ்கெலியாப் பக்கம் இடமாற்றம் கிடைத்திருப்பதால், வத்தளையிலிருந்து குடும்பத்தோடு அங்கே குடிபெயர எண்ணியிருக்கிறோம். மகள் எட்டாம் தரத்திலும் மகன் மூன்றாம் தரத்திலும் படிக்கிறார்கள். இருவரும் தமிழ் மொழி மூலம்தான். மகள் மட்டும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் கற்கிறாள். கணவரின் வேலைத்தலத்துக்கு அருகிலேயே வீடு எடுப்பதா, பிள்ளைகளுக்காக ஹட்டன் நகரில் வாடகைக்கு இருப்பதா என்று தெரியவில்லை. "தோட்டப்புறப் பாடசாலை என்றால் யோசிக்கவே வேண்டாம்" என்கிறார் என் மூத்த அண்ணி. பரீட்சைப் பெறுபேறுகளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்கிறார் கணவர். ஊரையே அறியாத நாங்கள் அங்குள்ள அரசாங்கப் பாடசாலைகளை எப்படி மதிப்பிடுவது?
– வாசகி, வத்தளை

பதில்: சகோதரி, பெறுபேறுகளைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சிறிய பாடசாலையின் சித்தி விகிதத்தைக் கொழும்புப் பாடசாலையின் விகிதத்தைப் போல வாசித்தால் தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பதினைந்து பேர் மட்டுமே தோற்றும் பாடசாலையில் மூன்று பிள்ளைகள் கூடுதலாகச் சித்தியடைந்தாலே விகிதம் 20 புள்ளிகள் ஏறிவிடும். மறு ஆண்டு அதே அளவு இறங்கவும் கூடும். ஆகவே ஓர் ஆண்டின் பெறுபேற்றை நம்பாமல், குறைந்தது ஐந்து ஆண்டுகளின் பெறுபேறுகளைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, பத்தாம் தரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பரீட்சை மண்டபத்துக்குப் போனார்கள் என்று விசாரியுங்கள். முப்பது பேர் படித்த வகுப்பிலிருந்து பதினெட்டுப் பேர் மட்டும் தோற்றி, அவர்களில் பதினைந்து பேர் சித்தியடைந்திருந்தால், அந்தப் பாடசாலையின் உயர்ந்த விகிதத்துக்குப் பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள் காணாமற் போயிருக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போனார்களா, வேறு பாடசாலைக்குப் போனார்களா, பலவீனமானவர்கள் என்று ஒதுக்கப்பட்டார்களா என்பதற்கு அதிபர் சொல்லும் பதிலிலிருந்தே அந்தப் பாடசாலையைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி பெற்ற பிள்ளைகள் ஆறாம் தரத்திலேயே நகரப் பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாதிப் பேரை உயர்தரத்துக்குத் தகுதிபெறச் செய்யும் தோட்டப்புறப் பாடசாலையின் உழைப்பு, தெரிந்தெடுத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு எண்பது வீதம் காட்டும் நகரப் பாடசாலையின் உழைப்புக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பதே என் உறுதியான எண்ணம். புலமைப்பரிசில் வெற்றிகளைப் பெரிய பதாகையில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருப்பதைக் கண்டும் மயங்கிவிடாதீர்கள். அதில் பாடசாலையின் பங்கு எவ்வளவு, தனியார் வகுப்புகளின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு பதாகை சொல்வதில்லை.

மலையகத்தில் ஒரு பாடசாலையின் தரத்தைத் தீர்மானிப்பது எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர்தான். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மூன்று பாடங்களுக்கும் அந்தந்தப் பாடத்துக்கென்றே நியமனம் பெற்ற நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா, அவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள், வரும் ஜனவரி வருடாந்த இடமாற்றத்துக்கு அவர்களில் யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பவற்றை முதலில் கேட்டறியுங்கள். கஷ்டப் பிரதேசத்துக்கு நியமிக்கப்படும் ஆசிரியர்கள் பலர் கட்டாயச் சேவைக் காலம் முடிந்தவுடன் ஊர் திரும்பிவிடுவதும், அந்த வெற்றிடம் மாதக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடப்பதும் இங்கே பழகிப்போன அவலம். அதே பிரதேசத்தில் பிறந்து, கொட்டகலை ஆசிரிய கலாசாலையிலோ பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலோ பயிற்சி பெற்று, சொந்த ஊரிலேயே கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடுதலாக உள்ள பாடசாலை பெரும்பாலும் நிலையாக இயங்கும்.

இதை அறிய நல்ல வழி, அதிபரின் அலுவலகச் சுவரில் இருக்கும் நேரசூசிதான். ஒன்பதாம் தரத்துக்குரிய கட்டங்களைப் பாருங்கள். விஞ்ஞானப் பாடத்துக்கு நேரே ஆசிரியரின் பெயர்க் குறியீடு இல்லாமல் வெறுமையாக இருந்தாலோ, வாரத்தில் பல பாடவேளைகள் 'நூலகம்' என்றும் 'விளையாட்டு' என்றும் நிரப்பப்பட்டிருந்தாலோ, அங்கே ஆள் இல்லை என்று அறியலாம். முடிந்தால் அங்கே படிக்கும் பிள்ளை ஒன்றின் கணிதக் கொப்பியை வாங்கிப் புரட்டுங்கள். திகதிகள் நாள் விட்டு நாள் வருகின்றனவா, மூன்று வாரம் தாவிப் போகின்றனவா என்று பாருங்கள். சிவப்பு மையில் வெறும் 'சரி' மட்டும் இருக்கிறதா, பிழைத்த கணக்கில் எந்தப் படியில் பிழைத்தது என்று சுட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வுகூடம் என்று பெயர் எழுதிய கட்டடத்தைக் காட்டினால் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். மகளுக்காகப் போகிறீர்கள் என்பதால் பெண் பிள்ளைகளின் கழிவறையையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

நேரில் போய் அறிய முடியாத தகவல்களைப் பெறவும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஹட்டன் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்பி, குறித்த பாடசாலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை, தற்போதுள்ள எண்ணிக்கை, பாடவாரியான வெற்றிடங்கள், ஐந்தாண்டுப் பெறுபேறுகள் ஆகியவற்றை எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

அண்ணியின் சொல்லுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தோட்டப் பாடசாலை என்றால் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஓரத்தில் ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளை ஒன்றாக வைத்துக்கொண்டிருந்த காலத்தின் நினைவே இன்னும் பலருக்கு இருக்கிறது. தோட்ட நிர்வாகங்களின் கீழிருந்த அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் 1977 தொடக்கம் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடனின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. தேசிய நீரோட்டத்தில் இவ்வளவு பிந்திச் சேர்க்கப்பட்ட பாடசாலைகள் அவை. இன்று அவற்றில் சில உயர்தரம் வரை வளர்ந்திருக்கின்றன, சில ஆரம்பப் பிரிவோடு நின்றுவிட்டன. எல்லாவற்றையும் ஒரே சொல்லால் ஒதுக்குவது அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் கற்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் அநீதி. உங்களுக்கும் அதனால் பயனில்லை.

இனி உங்கள் மகள். அவளுடைய நிலைமைதான் சிக்கலானது. ஆங்கில மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் வசதி சிறிய பாடசாலைகளில் பெரும்பாலும் இராது. அவள் தமிழ் மொழி மூலத்துக்கு மாறத்தான் வேண்டுமென்றால், பத்தாம் தரத்துக்கு முன்பே மாறுவது நல்லது. கலைச்சொற்களைப் பழகிக்கொள்ள அவளுக்கு ஓராண்டாவது வேண்டும். பத்தாம் தரத்தில் தெரிவு செய்ய வேண்டிய தொகுதிப் பாடங்களையும் இப்போதே விசாரியுங்கள். அவள் சங்கீதமோ தகவல் தொழில்நுட்பமோ எடுக்க நினைத்திருக்க, புதிய பாடசாலையில் சித்திரத்துக்கும் வர்த்தகத்துக்கும் மட்டுமே ஆசிரியர் இருந்தால், அவளுடைய விருப்பம் அங்கேயே முடிந்துவிடும். சமய பாடத்துக்கு ஆசிரியர் உண்டா என்பதும் பலர் கேட்க மறக்கும் கேள்வி.

உயர்தரத்தைப் பொறுத்தவரை, பாடசாலையின் வகையைக் கேளுங்கள். 1ஏபி வகைப் பாடசாலையில்தான் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இருக்கும். 1சி வகையில் கலையும் வர்த்தகமும் இருக்கும். இரண்டாம் வகை பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் மொழி மூலம் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் நகரங்களை ஒட்டியே இருப்பதால், மஸ்கெலியாவில் வீடு எடுத்தாலும் பன்னிரண்டாம் தரத்தில் மீண்டும் ஒரு மாற்றம் வரக்கூடும். பல்கலைக்கழக அனுமதியில் பல பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாள் என்பது அப்போது முக்கியமாகக் கருதப்படும் என்பதால், இடையில் அவளை மீண்டும் கொழும்புக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

மகனுக்கு அருகிலுள்ள ஆரம்பப் பாடசாலையே போதுமானது. மூன்றாம் தர வகுப்பாசிரியர் அன்பானவரா, பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள். ஆறாம் தரத்தில் எங்கே போவான் என்பதைப் புலமைப்பரிசில் புள்ளி வந்த பிறகு யோசிக்கலாம்.

வீடு எங்கே என்ற கேள்விக்கு என் கருத்து இது. மஸ்கெலியாப் பக்கம் நீங்கள் பார்க்கும் பாடசாலையில் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் நிலையாக இருப்பார்கள் என்று உறுதியானால் அங்கேயே குடியிருங்கள். மகள் சாதாரண தரம் வரை அங்கே நிம்மதியாகப் படிக்கலாம். அப்படி உறுதியாகாவிட்டால் ஹட்டனில் வீடு எடுத்து, நோர்வூட் வழியாக உங்கள் கணவர் நாளாந்தம் பயணம் செய்வதே மேல். வளைவும் பனிமூட்டமும் நிறைந்த அந்தப் பாதையில் காலை ஏழரை மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்பதற்காகப் பதின்மூன்று வயதுப் பிள்ளை இருட்டோடு புறப்படக் கூடாது. ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். அந்த நாட்களில் ஒருமுறை போய்ப் பார்த்தால் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, பாதையில் மண் சரிகிறதா, வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலையகத்தார் எவரும் மறக்கவில்லை. பாடசாலைக்கும் நீங்கள் எடுக்கும் வீட்டுக்கும் மேலேயுள்ள சரிவு அபாய வலயத்தில் அடங்குகிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்பது வீண் பயமன்று.

புதிய பாடசாலை இடமுண்டு என்று எழுத்தில் தரும்வரை வத்தளையில் விடுகைப் பத்திரத்தை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: கொழும்பில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, லுணுகலைப் பக்கம் பெற்றோர் வாழும் தோட்டத்துக்கே திரும்புகிறோம். மகளை முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டும். லயத்து வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லையென்பதால் நல்ல பாடசாலை கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: விண்ணப்பங்கள் குவியும் நகரப் பாடசாலைகளில் அது பெருமளவு உண்மைதான். அங்கே வதிவிடத்துக்கான புள்ளிகள் வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகள் பெயர் இருக்கிறது, வீட்டுக்கு என்ன ஆவணம் இருக்கிறது, வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் வேறு எத்தனை பாடசாலைகள் உள்ளன என்பவற்றைப் பொறுத்தே வழங்கப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தவரிடம் உறுதி கேட்டுப் புள்ளியைக் குறைப்பது நெஞ்சை உறுத்தும் நடைமுறை; அது மாற வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் தொடர்ந்து எழுதுவேன். ஆனால் உங்கள் தோட்டத்துக்கு அருகிலுள்ள மாகாணப் பாடசாலையில் இடம் கிடைப்பதற்கு இவை பெரும்பாலும் தடையாக இருக்கமாட்டா. ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். முந்திய ஆண்டிலேயே சுற்றுநிருபமும் மாதிரி விண்ணப்பமும் வெளியாகும். ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு விண்ணப்பியுங்கள். ஊர் திரும்பியவுடன் கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதிபரிடம் இத்தனை கேள்விகள் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டாரா? எங்கள் ஊரில் பெற்றோர் அலுவலக வாசலோடு நின்றுவிடுவதுதான் வழக்கம்.
– வாசகி, பண்டாரவளை

பதில்: அந்த வழக்கம் நமக்கு நல்லது செய்யவில்லை, சகோதரி. முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டு, விளையாட்டுப் போட்டியோ விழாவோ இல்லாத ஒரு சாதாரண நாளில் போங்கள். "ஐயா, உங்கள் பாடசாலையில் என்ன குறை?" என்று தொடங்காமல், "எங்கள் பிள்ளை வந்து சேர்ந்தால் கணிதத்துக்கு யார் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். வெற்றிடம் இருந்தால் பல அதிபர்கள் மறைக்காமல் சொல்வார்கள். பணிமனைக்குக் கடிதம் எழுதி எழுதிச் சலித்தவர்கள் அவர்கள். அங்கிருந்து வெளியே வந்தபின் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரையும், அதே பாடசாலையில் பிள்ளையைப் படிக்கவிட்டிருக்கும் ஒரு தாயையும் தனித்தனியே விசாரியுங்கள். மூவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் வலயத்தின் ஆசிரியர் ஆலோசகரிடம் கேட்கலாம். போகும்போது பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையோடு கணித, விஞ்ஞானக் கொப்பிகளையும் எடுத்துப் போங்கள். எந்தப் பாட அலகு விடுபட்டிருக்கிறது, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பாட ஆசிரியரே புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.