பழைய ஸ்காட்லாந்தின் கடற்கொள்ளை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கடற்கொள்ளைக்குப் பழைய ஸ்காட்ஸ் மொழியில் என்ன சொல்?

பதில்: ஒன்றல்ல. ‘பைரசி’ லத்தீன் வழியாக வந்த படித்தவர்களின் சொல். மக்கள் நாவில் புழங்கியது ‘ரீஃப்’. வன்முறைக் கொள்ளை என்று பொருள். அதைச் செய்பவன் ‘ரீவர்’. இங்கிலாந்து எல்லைப்புறத்தில் மாடு திருடி ஓட்டிப் போனவர்களுக்கும் அதே பெயர்தான். நீதிமன்றத்தில் ‘ஸ்பூல்யீ’ என்றொரு வழக்கு உண்டு: ஒருவர் வசமிருந்த அசையும் பொருளை அவர் சம்மதமின்றி எடுத்துக்கொள்வது. சரக்கைப் பறிகொடுத்த வணிகருக்கு, கொள்ளையனின் கழுத்தைவிடப் பொருளையும் லாப இழப்பையும் மீட்டுத் தரும் இந்த வழக்கே மேல்.

கேள்வி: ‘ஸ்பூல்யீ’யை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நடுவில் ‘இசட்’ ஏன்?

பதில்: அது ‘ய’ ஒலிக்கான ‘யோக்’ என்ற பழைய எழுத்து. அச்சுக்கோப்பவர்களிடம் அது இல்லாததால் ‘இசட்’டைப் போட்டுவிட்டார்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் ஆண்ட்ரூ பார்ட்டன் கொள்ளையரா, இல்லையா?

பதில்: எடின்பரோவில் வீரர், லண்டனில் கொள்ளையர். அவர் குடும்பக் கப்பலைப் போர்த்துக்கீசியர் கொள்ளையடித்திருந்தார்கள். ஈடாக அவர்கள் கப்பல்களைப் பிடிக்க ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் அனுமதிப் பத்திரம் கொடுத்தார். மற்றவர் சரக்கிலும் அவர் கைவைத்தார் என்பது ஆங்கிலேயரின் புகார். 1511இல் ஆங்கிலேயரான ஹோவர்ட் சகோதரர்களோடு நடந்த சண்டையில் இறந்தார். அவருடைய இரண்டு கப்பல்கள் பிடிபட்டன. பத்திரத்தின் வரம்பை மீறினாரென்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: செய்யாத குற்றத்துக்கு யாராவது தூக்கில் தொங்கினார்களா?

பதில்: தாமஸ் கிரீன். ‘வொர்செஸ்டர்’ என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவர். இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் 1704இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் ஒதுங்கினார். பனாமாவின் டாரியனில் அமைத்த குடியேற்றத்தில் பணத்தை இழந்திருந்த ஸ்காட்லாந்து அப்போது இங்கிலாந்தின் மீது கொதித்துக்கொண்டிருந்தது. தங்கள் கப்பல் ஒன்று இங்கிலாந்தில் பறிமுதலானதற்குப் பதிலாக, ஸ்காட்லாந்து வணிகக் கம்பெனியின் செயலாளர் ‘வொர்செஸ்டரை’க் கைப்பற்றினார். பிறகு மாலுமிகளின் குடிபோதைப் பேச்சு வதந்தியானது: காணாமல்போன அந்தக் கம்பெனியின் ‘ஸ்பீடி ரிட்டர்ன்’ கப்பலை இவர்கள்தான் மலபார்க் கரையோரம் சூறையாடினார்களாம்! குற்றப்பத்திரிகையோ எந்தக் கப்பல் என்றுகூடத் தெளிவாகச் சொல்லவில்லை. உண்மையில் மடகாஸ்கரில் ‘ஸ்பீடி ரிட்டர்னை’ப் பிடித்தது வேறொரு கொள்ளைக் கூட்டம். அந்தக் கப்பலிலிருந்து தப்பி வந்த இருவர் இதை இங்கிலாந்தில் சத்தியம் செய்து சொன்னார்கள். ராணி ஆன் தண்டனையை நிறுத்த விரும்பினார். ஆனால் தெருவில் திரண்ட கூட்டத்துக்கு எடின்பரோவிலிருந்த ஸ்காட்லாந்து அரசின் ஆலோசனைக் குழு அஞ்சியது. 1705 ஏப்ரல் 11 அன்று கிரீனும் இன்னும் இருவரும் எடின்பரோவின் துறைமுகமான லீத் கடற்கரையில் தூக்கிலிடப்பட்டனர். மற்றவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள்.

கேள்வி: கடற்கரையில் ஏன்?

பதில்: கடற்குற்றம் அப்போது கடற்படைத் தலைவரின் நீதிமன்றத்துக்கு உரியதாக இருந்தது. அதன் அதிகாரம் அலை ஏறும் எல்லை வரைதான்; ஆகவே தூக்குமரமும் அதற்குள்.