விதிகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள்

சிங்கப்பூர் ஈசூன் நண்பருக்கு வணக்கம். நீங்கள் கற்பனையாக உருவாக்கும் இந்தோ-ஐரோப்பிய (சமஸ்கிருதம், ஆங்கிலம் முதலியவை சேர்ந்த குடும்ப) மொழியில் ‘உம்’ என்னும் பொருள்தரும் இடைச்சொல், சமஸ்கிருதத்தில் உள்ளதுபோல் ‘ச’ ஆகாமல் ‘க’ என்றே நிற்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். எம்ஆர்டி ரயிலில் உங்கள் ஒலிமாற்ற விதிகளைத் தாளில் எழுதிப் பார்த்தேன். எகரத்தை அகரமாக்கும் விதியை, எகரத்தின் முன் ககரத்தைச் சகரமாக்கும் விதிக்கு முன்னதாக நீங்கள் வைத்ததே காரணம்.

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ‘க்வெ’ சமஸ்கிருதத்தில் முதலில் ‘கெ’ ஆகி, எகரத்தின் முன் ககரம் திரிந்து ‘செ’ (‘பச்சை’யில் ஒலிக்கும் ச்) ஆன பிறகே ‘ச’ ஆயிற்று. ‘செய்தான்’ எனப் பொருள்படும் ‘சகார’ இன்னும் அழகான சான்று: வேரின் முதல் மெய்யை இரட்டித்து முன்னே சேர்த்த முதலசையில் பழைய எகரம் இருந்ததால் சகரம் வந்தது, வேரில் ஒகரம் இருந்ததால் ககரம் பிழைத்தது. கன்னடத்தில் ‘கிவி’யாக இருப்பது நம்மிடம் ‘செவி’யானதும் இவ்வகை மாற்றமே. வரிசையை மாற்றியபின் வினைவடிவங்களில் ககரமும் சகரமும் மாறிமாறி வரும். அவற்றைத் திருத்தாமல் அப்படியே விடுங்கள்.