தொட்டிப் பாசியில வர்றது ஐதரசனா?

கேள்வி: எங்க லயத்து பீலித் தொட்டியில பச்சப்பாசி படிஞ்சு கெடக்கு, வெயில் ஏறினா குமிழ் குமிழா வருது. பாசியில ஐதரசன் எடுக்கலாம்னு மகன் சொல்றான், இது அதுதானா அண்ணே?
- வாசகி, தலவாக்கலை

பதில்: இல்ல தங்கச்சி, அந்தக் குமிழ்ல அதிகமா இருக்கிறது ஒட்சிசன். ஒரு போத்தல்ல தண்ணி நெறச்சு, தொட்டிக்குள்ளயே பாசிக்கு மேல கவுத்து வைங்க, காத்து சேந்ததும் தணல் இருக்கிற ஈர்க்க உள்ள விட்டா பளிச்சுனு பத்தும்.

ஆனா மகன் சொன்னதும் உண்மதான், பச்சப்பாசி ஐதரசன் விடும்னு ஹான்ஸ் காஃப்ரன்ங்கிற விஞ்ஞானி 1942லயே எழுதிட்டாரு. சிக்கல் என்னன்னா பாசிக்குள்ள ஐதரசன உண்டாக்கிற நொதியம் (என்சைம்) ஒட்சிசன் பட்டா செயலிழந்துடும், பாசியோ வெயில்ல ஒட்சிசன விட்டுக்கிட்டே இருக்கு. 2000ல கலிபோர்னியாவுல மெலிஸ்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் கிளமிடோமோனஸ் பாசிக்கு கந்தகச் சத்த நிறுத்திப் பாத்தாங்க, மூடின போத்தல்ல பாசி விடுற ஒட்சிசன் கொறஞ்சு, பாசி மூச்சு விடவே அது பத்தாமப் போயி, நொதியம் செயலிழக்காம வெளிச்சத்துலயே ஐதரசன் வந்துச்சு. எனக்கு இத படிச்சப்ப அவ்வளவு சந்தோசம்! ஆனா சில நாள்ல ஓஞ்சுடும், திரும்ப கந்தகம் குடுத்து தேத்தணும், கெடைக்கிறதும் கொஞ்சந்தான், அதனால ஐதரசன எரிக்கலாம்னாலும் அடுப்புக்கு இப்போதைக்கு வெறகுதான்.

மகன தொடர்ந்து படிக்க வைங்க.