மிலேத்துவில் விட்டுவந்த ஆள்

அன்புள்ள அக்கா,

என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு வருடமாக யூடியூபில் ஒரு ஊழியக்காரரின் ஜெபக்கூட்டத்தைப் பார்க்கிறார். பென்ஷனிலிருந்து மாதம் 3,000 ரூபாய் அவருக்குப் போகிறது. போன மாதம் நேரலையில், "கோவையிலிருந்து பார்க்கிற தாயாரே, உங்கள் முழங்காலைக் கர்த்தர் தொடுகிறார்" என்றாராம். அம்மா அழுதுவிட்டார். இது ஏமாற்று என்று நாலைந்து வீடியோக்களைக் காட்டினேன். பத்து நாளாக என்னோடு பேசுவதில்லை. உண்மையான ஊழியக்காரரையும் போலியையும் எப்படிப் பிரித்தறிவது? அற்புதம் என்று உண்மையில் ஒன்று உண்டா? பிரான்சில் லூர்து மாதா திருத்தலத்தில் நடப்பதாகச் சொல்வதும் இதே ரகம்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று, இறந்துபோன என் அம்மாவின் வேதாகமத்தை பைண்டிங்குக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் ஒரு படம் இருந்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் பென்ஷன் கணக்கு இருக்கிறது, வீடியோ கணக்கு இருக்கிறது, அம்மா பேசாத நாட்களின் கணக்கும் இருக்கிறது. முழங்கால் எத்தனை நாளாக வலிக்கிறது, டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒரு வரி இல்லை. அந்த ஆளாவது முழங்காலை விசாரித்தார். நீங்கள் மூவாயிரம் ரூபாயை விசாரித்தீர்கள். அம்மா யாரோடு பேசுவார்?

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அம்மா வாட்ஸப்பில் ஜெபவிண்ணப்பம் ஏதாவது அனுப்பியிருந்தாரா என்று பாருங்கள். அனுப்பாவிட்டாலும் ஒன்றுமில்லை, கோவையில் முழங்கால் வலியோடு எத்தனை தாய்மார்கள் இல்லை? அமெரிக்காவில் பீட்டர் போபோஃப் என்று ஒருவர். கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வியாதியைச் சொல்லி, வீட்டு விலாசத்தையும் சொல்வார். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக்காரர் ரேடியோ ஸ்கேனர் வைத்து ஒட்டுக்கேட்டார். 39.17 மெகாஹெர்ட்ஸில் போபோஃபின் மனைவி பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் பூர்த்தி செய்துகொடுத்த ஜெப அட்டைகளைப் பார்த்து அவர் படிக்கப் படிக்க, மேடையில் கணவரின் காதுக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில் அதைப் போட்டுக் காட்டினார்கள். அடுத்த வருடமே போபோஃப் திவால் மனு கொடுத்தார். சில வருடத்தில் திரும்பவும் டிவிக்கு வந்துவிட்டார், இந்த முறை அற்புத நீரூற்றுத் தண்ணீரோடு. வீடியோ காட்டி அம்மாவைத் திருத்திவிடலாம் என்று நினைத்தீர்களே, அதற்காகச் சொன்னேன்.

லூர்து வேறு கதை. அங்கே 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. குணமானோம் என்று ஏழாயிரம் பேருக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள், திருச்சபை அற்புதம் என்று ஒத்துக்கொண்டது எழுபது சொச்சம். அந்த எழுபதும் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை பேரை "இல்லை" என்று திருப்பி அனுப்பும் பொறுமை அங்கே இருக்கிறது. அற்புதம் உண்டா என்ற உங்கள் கேள்வியை விட்டுவிடுகிறேன்.

பிரித்தறிய வழி கேட்டீர்கள். மிகப் பழையது ஒன்று உண்டு. டிடாக்கே என்று ஒரு சின்ன நூல், ஆதிச்சபையின் கையேடு மாதிரி. முதல் நூற்றாண்டின் கடைசியில் அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிரையெனியோஸ் என்பவர் பழைய சுவடி ஒன்றில் கண்டெடுத்தார். ஊர் ஊராக வரும் போதகரை எப்படி நடத்துவது என்று அதில் இருக்கிறது. ஒரு நாள் தங்கட்டும், தேவையென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. போகும்போது அடுத்த ஊர் போய்ச்சேரும் வரைக்கும் ரொட்டி கொடுங்கள், பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து "பந்தி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு அதில் தானும் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் கள்ளத்தீர்க்கதரிசி. இதை எழுதியவர் வீட்டில் எவனோ வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போயிருக்கிறான்!

அற்புதம் செய்தானா என்று அந்தச் சோதனையில் கேள்வியே கிடையாது. மத்தேயு ஏழாம் அதிகாரத்திலும் இயேசு, "உமது நாமத்தினாலே அநேக அற்புதங்களைச் செய்தோம் அல்லவா" என்று வருகிறவர்களிடம், நீங்கள் செய்தது பொய் அற்புதம் என்று சொல்வதில்லை. உங்களை எனக்குத் தெரியாது என்கிறார். அவ்வளவுதான்.

எனக்கு இதைவிட ஒரு கேள்வி முக்கியம். குணமாகாதவரை அந்த ஊழியக்காரர் என்ன செய்கிறார்?

1983. எனக்குப் பதினொரு வயது, என் தம்பிக்கு ஏழு. போலியோ, இடது கால். மதுரையில் அளவெடுத்துச் செய்த காலிப்பர், காலைத் தாங்கிப் பிடிக்கிற கம்பியும் தோல்வாரும், அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். பக்கத்து டவுனில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம். அப்பாவுக்கு இஷ்டமில்லை, அம்மா விடவில்லை. கடைசி நாள் இரவு தம்பியை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போதகர் காலிப்பரை அவிழ்க்கச் சொன்னார். இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, என் தம்பி நடந்தான். ஐந்து எட்டு, நான் எண்ணினேன். மைதானமே அல்லேலூயா என்று எழுந்து நின்றது. அம்மா மண்ணில் விழுந்து அழுதாள். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் காலை அவன் பாயிலிருந்து எழுந்து ஓர் எட்டு வைத்து விழுந்தான். காலிப்பர் மைதானத்திலேயே கிடந்தது.

அப்பா என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு போனார். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு கோணிச்சாக்கு. ஊன்றுகோல்கள், ஒரு மூக்குக்கண்ணாடிக் குவியல், எவ்வளவோ காலிப்பர்கள். அப்பா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வலது கால், பெரிய கால், வார் அறுந்தது. எங்களுடையதில் உள்பக்கத் தோலில் தம்பியின் பெயரை நான்தான் மை வைத்து எழுதியிருந்தேன். அது கிடைத்தபோது ஒரு தொண்டர் வந்தார். "சார், இதை எடுத்துட்டுப் போனா சுகத்தை மறுதலிக்கிற மாதிரி ஆயிரும்."

அப்பா, "நாளைக்கு இவன் பள்ளிக்கூடம் போணும்லா" என்றார். காலிப்பரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

அம்மாவிடம் கூட்டத்தார் சொன்னது ஒரே வார்த்தை: விசுவாசம் போதவில்லை. சாகும்வரைக்கும் அம்மா அதைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நடந்தால் கர்த்தர், நடக்காவிட்டால் அம்மா. எந்தக் கணக்கில் இது சேர்த்தி? கொள்ளை என்றால் அதுதான் கொள்ளை, உங்கள் மூவாயிரம் ஒன்றுமில்லை.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுல் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில் ஒரு வரி வருகிறது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன். இதை எழுதும் பவுல் யார்? அவர் சரீரத்தில் பட்ட துணியைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறதே, அந்தப் பவுல். கூடவே வந்த ஆளுக்கு வியாதி. குணமாகவில்லை. விட்டுவிட்டு வந்தார், அதை எழுதியும் வைத்தார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஓர் எழுத்து கிடையாது. இதே தீமோத்தேயுவுக்கு முதல் நிருபத்தில் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் சொல்கிறார். பவுலுக்கே சரீரத்தில் ஒரு பாடு இருந்தது, முள் என்று அவரே எழுதுகிறார், மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை. உங்கள் அம்மா பார்க்கும் ஊழியக்காரர் இரண்டு வருடத்தில் ஒரு தரமாவது, "இவருக்காக ஜெபித்தேன், குணமாகவில்லை, அது அவர் குற்றமில்லை" என்று சொல்லியிருக்கிறாரா? அம்மாவோடு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாயைத் திறக்காமல் கேளுங்கள்.

வேதாகமத்தில் இருந்த படம் அந்த ஊழியத்தின் மாதப் பத்திரிகையில் வெட்டியது. என் தம்பி காலிப்பர் இல்லாமல் நிற்கிறான். கீழே 'முடவன் நடந்தான்' என்று போட்டிருக்கிறது. பிடித்துக்கொண்டிருந்தவர்களின் கைகளை ஓரத்தில் வெட்டிவிட்டார்கள். தம்பிக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது, காலிப்பரோடுதான் வேலைக்குப் போகிறான். படத்தை அனுப்பினேன். "அம்மா இத வச்சிருந்தாளா" என்று மட்டும் கேட்டான். பைண்டிங் ஆனதும் திரும்ப அதே பக்கத்தில்தான் வைக்கப்போகிறேன்.

இந்த வாரம் அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுங்கள். மூவாயிரத்தைப் பற்றி ஒன்றும் பேசவேண்டாம். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா